பரவாயில்லை என்றவன்

முப்பத்தோராம் பக்கத்தில் அவன் தன்னையே சந்தித்தான்.

அதுவரை வேலை வழக்கம்போலத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் மாடியில் தியான வகுப்பு நடத்துகிறவர்கள் அச்சுக்குக் கொடுத்த சிறு புத்தகம். 'மனம் லேசானவர்கள்' என்று தலைப்பு. வகுப்புக்கு வந்து, பகையை விட்டு, நிம்மதி அடைந்தவர்களின் கதைகள். முப்பது பக்கத்தில் பதினோரு ஒற்றுப் பிழை. நாலு இடத்தில் ரகரத்துக்குப் பதில் றகரம். ஓரிடத்தில் 'மனச்சுமை', 'மனச்சுவை' ஆகியிருந்தது. சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டே வந்தான். அச்சகத்தில் ஒன்பது வருடமாக அவனுக்கு அதுதான் வேலை. விட்டுப்போன புள்ளிகளை விடாமல் பிடிப்பதால் அவனுக்குப் புள்ளி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முப்பத்தோராம் பக்கம் இப்படி இருந்தது:

'மனைவி இறந்த அந்த நிமிடத்திலேயே, அவள் சாவுக்குக் காரணமான மருந்துக்கடைக்காரரின் கைகளைப் பற்றிக்கொண்டு அந்த இளைஞர் சொன்னார்: பரவாயில்லை. ஒரே வார்த்தை. பிறர் வலியைத் தன் வலியாக உணர்ந்தவருக்கு மன்னிக்க அரை நிமிடம் போதும்.'

இரண்டு முறை வாசித்தான். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. சந்தி சரி. நிறுத்தக்குறி சரி. பிழை இல்லாத பொய்யைப் போல எரிச்சலூட்டுவது உலகத்தில் வேறு இல்லை. பேனாவை மூடி வைத்தான். திறந்தான். மறுபடி மூடினான்.

நடந்தது இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் அவன் மனைவிக்கு முழங்கையில் அரிப்பு. மருத்துவர் ஒரு மாத்திரை எழுதினார். அதே பெயரில் ஒரே ஓர் எழுத்து மாறினால் அது சர்க்கரை நோய்க்கான மாத்திரை. கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்தார். சர்க்கரையே இல்லாத உடம்பு. அவள் மூன்று நாள் அதைச் சாப்பிட்டாள். நாலாம் நாள் காலை எழுப்பினால் எழவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். மருத்துவர்கள் மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போன் போட்டார்கள். கடைக்காரர் அலறியடித்துக்கொண்டு வந்தார். தாழ்வாரத்தில் நின்ற அவன் கையைப் பிடித்து, "தப்பு நடந்துபோச்சு சார், மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்றார்.

"பரவாயில்ல" என்றான்.

அது வாயிலிருந்து வந்தது, மனதிலிருந்து அல்ல. கணினியில் பக்கம் கோக்கும் பெண் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை "சாரி சார்" என்பாள். அவன் பத்துத் தடவை "பரவாயில்ல" என்பான். பேருந்தில் காலை மிதித்தவனுக்கும் அதே சொல்தான். தும்மல் போல வருவது. அப்போது சாயங்காலம் மணி நாலு பத்து. அவள் கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். பிழைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தான். நாலு நாற்பதுக்குப் போய்விட்டாள்.

அந்த அரை மணி நேரம் முப்பத்தோராம் பக்கத்தில் இல்லை.

பக்கத்தை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனான்.

"இத எடுக்கணும்."

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார். அவருக்கு விஷயம் தெரியும். வாசித்து முடித்ததும் முகம் ஒரு மாதிரி ஆனது.

"யோவ் புள்ளி... நல்லவிதமாத்தானய்யா எழுதியிருக்காங்க?"

"பொய்."

"எழுத்து நம்மளது, கருத்து அவங்களது. ஜோசியப் புத்தகம் போடறோம். பல்லி விழுந்தா ராஜயோகம்னு வருது. நீ போய்ப் பல்லியையா விசாரிச்ச?"

"இதுல பல்லி நான்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை நேர்ல போய்ப் பேசு. அவங்க எடுக்கச் சொன்னா எடுத்துடறேன். திங்கக்கிழமை காலையில மெஷின் ஏறிடும். அதுக்கப்புறம் ஆண்டவனே வந்தாலும் முடியாது."

சனிக்கிழமை மதியம் அத்தை வீட்டில் சாப்பிட்டான். பெண்ணைப் பறிகொடுத்த பிறகும் சனிக்கிழமைச் சாப்பாட்டை மட்டும் அத்தை நிறுத்தவில்லை. மாப்பிள்ளைக்கு ஒரு தட்டு, தனக்கு ஒரு தட்டு. நடுவில் யாரும் உட்காராத நாற்காலி.

"மாப்பிள்ளை, புத்தகம் உங்க கைக்கு வந்துச்சாமே? உங்களப் பத்தி எழுதியிருக்காங்களாம். கொஞ்சம் வாசிங்களேன், கேப்போம்."

"அத்தை, அத எடுக்கச் சொல்லப் போறேன்."

கரண்டி பாத்திரத்திலேயே நின்றது.

"ஏன்?"

"அது அப்படி நடக்கல."

"நீங்க சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன? நான் தெரியாமதான் கேக்குறேன். அந்தக் கடைக்காரரு முதல் தடவை வகுப்புக்கு வந்து என் கால்ல விழுந்தப்ப, எட்டி உதைக்கணும்னுதான் கால் துடிச்சுது. கட்டினவரே மன்னிச்சிட்டாரும்மான்னு வகுப்பு எடுக்கற அக்கா சொன்னாங்க. சரி, வாழவேண்டிய வயசுல நீங்களே மனசார விட்டுட்டீங்க, கெழவி நான் எதப் பிடிச்சிட்டுத் தொங்கறதுன்னு நானும் விட்டுட்டேன். ரெண்டு வருஷமா அந்த ஒரு வார்த்தையத்தான் மாத்திரை மாதிரி முழுங்கிட்டு இருக்கேன். இப்ப வந்து எடுக்கறேன்னா?"

மாத்திரை மாதிரி. அவன் தட்டைப் பார்த்தான். நாலு பத்து, நாலு நாற்பது என்று சொல்லிவிட வாயெடுத்தான். அந்தச் சொல்லைப் பிடுங்கினால் இந்த வீட்டுச் சுவரே இடிந்து அத்தை மேல் விழும் என்று தோன்றியது.

"நாளைக்கு நானும் வர்றேன் வகுப்புக்கு" என்று மட்டும் சொன்னான்.

"வாங்க" என்றார் அத்தை. ஆனால் மூன்றாம் முறை சோறு போடவில்லை.

ஞாயிறு காலை பத்து மணி. மாடியில் நீள அறை. முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், இரண்டு மின்விசிறிகள். ஒன்று சுற்றும்போது கிறீச்சிட்டது. முன்னால் எதிரும் புதிருமாக இரண்டு மர நாற்காலிகள். அவைதான் இந்த வகுப்பின் விசேஷம். இடம் மாறி உட்காருதல் என்று பெயர். உனக்குத் தீங்கு செய்தவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, அவராகவே பேச வேண்டும். பேசப் பேச அவர் வலி உனக்குள் வரும், வந்ததும் மன்னிப்பு தானாக வரும் என்பார் வகுப்பு நடத்தும் அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணக்கு ஆசிரியையாக இருந்தவர். ஒன்றும் ஒன்றும் இரண்டு என்கிற மாதிரிதான் எதையும் சொல்வார்.

மருந்துக்கடைக்காரர் முதல் வரிசையில் இருந்தார். விசாரணைக்காக மூன்று மாதம் மூடிக் கிடந்த கடை எப்போதோ திறந்துவிட்டது. ஆள் கொஞ்சம் சதை போட்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர் சொன்ன ஏதோ ஒன்றுக்குக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தவர், இவனைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி! வந்துட்டீங்களா தம்பி!"

தாழ்வாரத்தில் சார். இங்கே தம்பி. எப்போது உறவு முளைத்தது என்று தெரியவில்லை. கையை உருவிக்கொண்டான்.

அக்கா எல்லாருக்கும் அவனைக் காட்டினார். "நம்ம புத்தகத்துல முப்பத்தோராம் பக்கம். இவருதான்." முப்பது தலைகள் திரும்பின. ஒரு பெண்மணி கைகூப்பினார். அவனுக்கு உள்ளங்கால் வரை எரிந்தது.

"அந்தப் பக்கத்த எடுத்துடுங்க" என்றான்.

"அடக்கம்" என்று பின்னால் யாரோ மெச்சினார்கள்.

"அடக்கமெல்லாம் இல்ல. நான் மன்னிக்கல. எடுத்துடுங்க."

விசிறி கிறீச்சிட்டது. மூன்றாம் வரிசையில் அத்தை தலை குனிந்தார். அக்கா முகத்தில் புன்னகை மட்டும் அப்படியே இருந்தது. இப்படிப்பட்டவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

"சரி. எடுத்துடலாம். ஆனா ஒண்ணு. நீங்க இதுவரைக்கும் இடம் மாறி உட்காரவே இல்ல. இன்னிக்கு உட்காருங்க. மனசாரப் பேசுங்க. எழுந்திரிச்ச பிறகும் எடுக்கணும்னு தோணுச்சுன்னா, அந்தப் பக்கத்த உங்க கையாலேயே கோடு போட்டு அடிச்சிடுங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

போய் உட்கார்ந்தான். எதிர் நாற்காலியில் கடைக்காரர் உட்கார்ந்தார். கைக்குட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டார்.

"நான் மருந்துக்கடைக்காரன்" என்று ஆரம்பித்தான். குரல் தட்டையாக இருந்தது. "சாயங்காலம் ஏழு மணி. கடை முன்னாடி எட்டுப் பேர். காலையிலேருந்து நின்னுட்டு இருக்கேன். ஒரு கை நீளுது, சீட்டோட. நான் மூஞ்சியப் பார்க்கல. சீட்டுல முதல் மூணு எழுத்தப் பார்த்தேன். மிச்சத்த என் கண்ணே போட்டுக்கிச்சு."

கடைக்காரர் கைக்குட்டையைப் பிரித்தார்.

"கண்ணு வாசிக்காது. தெரிஞ்சத பார்த்துட்டுத் தெரியாதத நிரப்பிக்கும். சர்க்கரை மாத்திரைய நான் ஒரு நாளைக்கு இருபது பேருக்குக் குடுக்குறேன். இந்த அரிப்பு மாத்திரைய மாசத்துக்கு ஒருத்தர் கேட்டா அதிகம். கை பழகின தட்டுக்குப் போயிடுச்சு. எடுத்தேன். வெட்டினேன். கவர்ல போட்டேன். அடுத்த ஆள். அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். மறுநாளும் தூங்கினேன். தப்பு பண்ணவனுக்குத் தப்பு பண்ணறப்ப ஒண்ணும் தெரியாது. சரியாப் பண்ணற மாதிரியேதான் இருக்கும்."

"அப்படியேதான் தம்பி" என்று கடைக்காரர் விம்மினார். "பக்கத்துலேருந்து பார்த்த மாதிரி சொல்றீங்களே!"

பார்க்க வேண்டிய அவசியமில்லை. அவனே அதைச் செய்திருக்கிறான். ஒரு கம்பெனி மலரில், 'விருது பெற்ற மகிழ்ச்சியில் மேலாளர் உலகை மறந்தார்' என்ற வரி, ஓர் ஐகாரம் ஏறி 'உலகை மறைந்தார்' என்று அச்சாகிவிட்டது. நாலு முறை வாசித்திருந்தான். நாலு முறையும் மறந்தார் என்றே கண்ணுக்குத் தெரிந்தது. மேலாளர் வீட்டுக்கு இரண்டு மலர்வளையம் வந்து சேர்ந்தன. மனிதர் மறுநாள் அச்சகத்துக்கே வந்து, "நான்தான் அந்த மறைந்தவன்" என்று சிரித்தார். இவன் கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்டான். "பரவாயில்ல தம்பி" என்று தோளில் தட்டினார். அவரால் தட்ட முடிந்தது. அவருக்குக் கை இருந்தது. அவர் உயிரோடு இருந்தார்.

அறையில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா மெதுவாகக் குனிந்தார்.

"இப்ப அவர் வலி புரியுதா?"

"எல்லாம் புரியுது. அவருக்கே புரியாததும் புரியுது."

"அப்ப?"

"அப்பவும் மன்னிக்கல."

அக்காவின் கணக்கு உதைத்தது. நெற்றி சுருங்கியது. "புரிஞ்ச பிறகு எப்படி..."

"புரிஞ்சதாலதான் வயிறு எரியுது. புரியலன்னா இவர ஒரு ராட்சசன்னு நெனச்சு ஒதுங்கிப் போயிருப்பேன். இவரு என்ன மாதிரி ஆளு. ஒரு எழுத்த இன்னொரு தடவ பார்த்திருக்கலாம். அவ்வளவுதான் வேண்டியிருந்துச்சு." நாற்காலியை விட்டு எழுந்தான். "சரி, நான் அவர் இடத்துல உட்கார்ந்தாச்சு. இப்ப அவரு என் இடத்துல உட்காரட்டும். பேசட்டும்."

இப்படி யாரும் கேட்டதில்லை போல. எப்போதும் தீங்கு பட்டவர்தான் இடம் மாறுவார். அக்கா யோசித்தார். பிறகு நியாயமாகத் தலையாட்டினார்.

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான்... என் மனைவிய இழந்துட்டேன். ரொம்ப வேதனை. தாங்க முடியல. ஆனாலும் பெருந்தன்மையா மன்னிச்சிட்டேன்..."

"அதுக்கு நாலு நாள் முன்னாடி போங்க. எதுக்காக என் மனைவி மருந்து வாங்க வந்தா?"

"வந்து... காய்ச்சல்?"

"இப்பத்தான அரிப்பு மாத்திரைன்னு சொன்னேன். அதுகூடக் காதுல விழல. எங்க அரிப்பு?"

கடைக்காரர் அக்காவைப் பார்த்தார்.

"முழங்கையில. இவ்வளவு இடம்." கட்டைவிரல் நுனியைக் காட்டினான். "எனக்கு என்ன வேலை? கல்யாணமாகி எத்தன வருஷம்? அவ என்ன பண்ணிட்டு இருந்தா?"

"தம்பி, அதெல்லாம் நான் எப்படி..."

"அதோ மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க அவ அம்மா. ரெண்டு வருஷமா வாராவாரம் அவங்கள இங்க பார்க்குறீங்க. காலப் பிடிச்சீங்க. அழுதீங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்க பொண்ணு எப்படியிருப்பாம்மான்னு கேட்டீங்களா?"

கடைக்காரரின் கைக்குட்டை மடியில் கிடந்தது. அழுகை நின்றிருந்தது. அழுகை நின்றதும் முகத்தில் வேறு ஒன்றும் இல்லை.

"என் வார்த்தைய மட்டும் எடுத்துட்டுப் போனீங்க. விசாரணைக்கு வந்த ஆபீசர்கிட்ட சொன்னீங்க. இங்க வந்து சொன்னீங்க. இப்ப புத்தகத்துலயும் வரப்போகுது. அந்த வார்த்தைய நான் எப்ப சொன்னேன் தெரியுமா? நாலு பத்துக்கு. அவ செத்தது நாலு நாப்பதுக்கு. நான் சொன்னப்ப அவ உயிரோட இருந்தா. பிழைச்சு வந்துடுவான்னு நெனச்சு, கால மிதிச்சவன்கிட்ட சொல்ற மாதிரி சொன்னேன். அந்த வார்த்தைய எனக்குத் திருப்பிக் குடுங்க."

மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"என்ன சொன்னீங்க மாப்பிள்ளை?"

அத்தை நின்றுகொண்டிருந்தார். அவன் அவரைப் பார்க்க முடியாமல் பார்த்தான்.

"உயிரோட இருந்தப்பவா சொன்னீங்க?"

"ஆமா அத்தை."

அத்தை கடைக்காரரிடம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா இது?"

கடைக்காரர் குனிந்து மடியிலிருந்த கைக்குட்டையை மடிக்கத் தொடங்கினார்.

"வாங்க மாப்பிள்ளை, போலாம்" என்றார் அத்தை.

அக்கா படி வரை கூடவே வந்தார். "பக்கத்த அடிச்சிடுங்க" என்றார். அந்த ஒன்றில் பேச்சு மாறவில்லை.

தெருவில் நல்ல வெயில். அத்தை முன்னால் நடந்தார். எப்போதும் மூட்டு வலிக்கு நின்று நின்று நடப்பவர் அன்று நிற்கவே இல்லை. தெருமுனையில் ஆரம்பித்தார்.

"நாசமாப் போறவன். கண்ணு அவிஞ்சு போறவன். என் பொண்ணு முழங்கைய ஒரு தடவ பார்த்தானா? கட்டையில போறவன், கால்ல விழுந்தானே, அப்ப மிதிச்சிருக்கணும். ரெண்டு வருஷம்! ரெண்டு வருஷமா அவனுக்கு டீ கலந்து குடுத்திருக்கேன் மாப்பிள்ளை, இந்தக் கையால. சர்க்கரை ஒரு ஸ்பூன் கூடப் போட்டு!"

எதிரே வந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். அத்தை குரலைத் தாழ்த்தவில்லை. அவனுக்குத் தெரிந்து அத்தை வாயிலிருந்து 'சனியன்' என்றுகூட வந்ததில்லை. இப்போது எங்கிருந்தோ மூட்டை மூட்டையாக அவிழ்ந்தது. தபால் பெட்டி வரை கடைக்காரரைத் திட்டினார். அங்கிருந்து வீட்டு வாசல் வரை இவனைத் திட்டினார்.

"உங்களையும்தான் சொல்றேன். அறிவு வேண்டாம்? என்கிட்டயாவது சொல்ல வேண்டாம்? நீங்க பெரிய மகான்னு நெனச்சு, உங்க முன்னாடி வாய்விட்டு அழக்கூடக் கூச்சப்பட்டேனே!"

"தப்புதான் அத்தை. மன்னிச்சிடுங்க."

அத்தை சாவியைப் பூட்டில் வைத்தபடியே திரும்பினார். 'பரவாயில்ல' என்ற சொல் அவர் வாய் வரை வந்ததும் அதை அவர் அங்கேயே நிறுத்தியதும் அவனுக்குத் தெரிந்தது.

"மாட்டேன்" என்றார். "உள்ள வாங்க. சாப்பிடலாம்."

சாப்பிட்டு முடித்து மேசையைத் துடைத்தபின் அவன் பையிலிருந்து முப்பத்தோராம் பக்கத்தை எடுத்தான். சிவப்புப் பேனாவைத் திறந்தான்.

"குடுங்க இங்க" என்றார் அத்தை.

"அத்தை, ஓரத்துலேருந்து ஓரத்துக்கு ஒரே கோடு. அது போதும்."

அத்தை ஒரு கோடு போட்டார். அதன் மேல் இன்னொன்று. குறுக்கே ஒன்று. பிறகு எண்ணிக்கை இல்லை. பேனாவைக் கத்தி போலப் பிடித்திருந்தார். 'பரவாயில்லை' இருந்த இடத்தில் தாள் நைந்து, கிழிந்து, பேனா மேசையைக் கீறியது. அவன் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை முதலாளி தாளைத் தூக்கிப் பார்த்தார். கிழிசல் வழியாக அவருடைய ஒரு கண் தெரிந்தது.

"என்னய்யா திருத்தம் இது? ஊர்ல இருக்கற மையெல்லாம் இதுலதான் இருக்கு. நீ ஒரு கோடுக்கு மேல போட மாட்டியே?"

"நான் போடல. அவளப் பெத்தவங்க போட்டாங்க."

முதலாளி தாளைக் கீழே வைத்தார்.

"ஒரு பக்கம் காலியாப் போகுமே புள்ளி. அதுல என்ன போட?"

"காலியாவே விடுங்க."

தன் மேசைக்குப் போய் முப்பத்திரண்டாம் பக்கத்தை எடுத்தான். முதல் வரியிலேயே ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி விட்டுப்போயிருந்தது. மறுபக்கம் தெரிகிற அளவுக்கு அழுத்தி வைத்தான்.